முப்பத்தோராவது வரி

வனாட்ஸோரில் பனி.
இரவுப் பணி. மருந்துக்கடையில் ஷுஷானிக்
வலிநிவாரணிப் பெட்டிகளைச் சற்றே ஒதுக்கி
காந்தச் சதுரங்கப் பலகையை விரிக்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.
வெள்ளை அவள், தரப்புள்ளி 1987.
கறுப்பு, கப்பானிலிருந்து வந்த ஹ்ராயர், 2231.
தோற்றது யார் என்று கேட்க வேண்டாம்.

அவர்கள் ஊரில் யானை குறுக்கே போகும்.
நாம் யானை என்று மூலையில் நிறுத்துவதை
அவர்கள் படகு என்கிறார்கள்.
முதல் பதினெட்டு நகர்வுகளைக் கை தானே வைக்கிறது,
பல் துலக்குவதுபோல.
பத்தொன்பதில் குதிரையைப் பின்வாங்கியபோது
அவர் மூக்கைச் சிந்தினார்;
நகர்வுத் தாளில் அதற்குக் குறியீடு இல்லை.

முப்பத்தொன்று.
இங்கே ஓர் அடித்தல்.
ஊர் டாக்டர்கள் அத்தனை பேரின் கிறுக்கலையும் படித்து
மருந்து எடுத்துக் கொடுப்பவள்
தன் கிறுக்கல் பிடிபடாமல்
தாளைத் திருப்பி விளக்கில் பிடிக்கிறாள்.
பேனா அழுத்திய தடம், வலம் இடமாய்:
படகு எச்-ஏழு.

ஆமாம். எழுதினாள். ஆடும் முன்பே எழுதினாள்.
நடுவர் குனிந்து
'முதலில் ஆடுங்கள், பிறகு எழுதுங்கள்' என்றார்.
காது சுட்டது.
அடித்தாள். அடித்த கையோடு
படகை வீட்டுக்கு இழுத்தாள், டி-ஒன்றுக்கு.
அப்புறம் பதினாறு நகர்வு,
கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து.

இப்போது எச்-ஏழில் வைக்கிறாள்.
ராஜா வெட்டினால் ராணி வரும், குதிரை வரும், முடிந்தது.
வெட்டாவிட்டால்?
முக்காலியை எதிர்ப்பக்கம் போட்டு
ஹ்ராயராக உட்காருகிறாள்.
மூக்கைக்கூட ஒருமுறை உறிஞ்சிப் பார்க்கிறாள்.

ராஜா எஃப்-எட்டு.
படகைத் தொடாமல் ஓர் ஒதுங்கல்,
தெருச்சண்டையைப் பார்த்து எதிர்ச்சாரிக்குப் போகிறவன்போல.
கைப்பேசியில் கணினியைக் கேட்டாள். சமம் என்றது.
கண்டுபிடிக்க அவளுக்குப் பதினோரு நிமிடம்.
அன்று அவர் கடிகாரத்தில் மிச்சமிருந்தது தொண்ணூறு விநாடி.

கதவு மணி.
குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர், தொப்பியில் பனியோடு.
சிரப்பை எடுத்து, அளவுக் கரண்டியைக் காட்டி
சில்லறை எண்ணும்போது
அவர் பலகையை எட்டிப் பார்த்துவிட்டார்.

'அந்தப் படகு போச்சே. ராஜா வெட்டிடுமே.'

'நீங்களா இருந்தா வெட்டுவீங்களா?'

'பின்னே?'

ஐம்பது திராம் அதிகமாகக் கொடுத்துவிட்டாள்.
அவர் போன பிறகுதான் தெரிந்தது.