நூற்று அறுபத்து மூன்று

போன தடவை நூற்று அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசம்.
வெள்ளிக்கிழமை என் மாவு மில்லில் விழுகிற டோக்கன்
அதைவிடக் கொஞ்சம் கூட.

அதனால் செல்லூரில் இப்போது
யாரும் சும்மா மாவரைக்க வருவதில்லை.
ஆட்சியை நிர்ணயிக்கிறவர்கள்
தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அரிசி முதலில், கோதுமை அடுத்து, பிறகு மல்லி,
மிளகாய் கடைசி.
பேச்சுக்கு அப்படி வரிசை கிடையாது.

"டாக்டரம்மா கைராசிக்காரி" என்கிறாள் ஜெசிந்தா.
"கை சரி, காலைக் காணோமே.
கம்மாத் தண்ணி தெருவுக்குள்ள ஏறுன ராத்திரி
படகோட வந்தது யாரு? கான்ட்ராக்டர்தானே?"
இது சுலோச்சனா.
"வாய்க்கால மூடி ரோடு போட்டதும் அவருதாண்டி.
தண்ணிய விட்டவரே படகையும் விட்டாரு."

பதினைந்து குதிரைசக்தி மோட்டாரின் மேல் ஏறி
இதையெல்லாம் கத்தித்தான் சொல்ல வேண்டும்.
கத்திச் சொன்னால்
சந்தேகமாய்ச் சொன்னதும் சத்தியம் மாதிரி கேட்கிறது.

தனபாக்கியம் மட்டும் வாய் திறப்பதில்லை.
போன தடவை மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டாள்.
நூற்று அறுபத்து மூன்றையும்
தெரு அவள் தலையில் வைத்திருக்கிறது.
"நான் போட்டிருந்தா நூத்தி அறுவத்திரெண்டு ஆயிருக்கும்,
அம்புட்டுத்தானே?" என்றாள் ஒருநாள்.
கணக்கு சரி.
அதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீப்புச் சின்னத்தில் ஒரு பையன் நிற்கிறான், கார்முகில் என்று பேர்.
உள்ளே வந்தவன் கும்பிட மறந்துவிட்டு
மோட்டாருக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று கேட்டான்.
டெபாசிட் தேறாது.
ஆனால் இந்த எட்டு வருஷத்தில்
அதைக் கேட்ட ஒரே ஆள்.

நேற்று மாலை, பிரச்சாரம் முடிய ஒரு மணி நேரம் இருக்க,
மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது.
டாக்டர், கான்ட்ராக்டர் என்று பிரிந்து நின்றவர்களை
தும்மல் ஒரே கட்சியாக்கி வைத்திருந்தது.
மும்தாஜ் ஜெசிந்தாவின் காதுக்குள்
முழுத் தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.
சட்டென்று கரண்ட் போனது.

"எங்க வீட்டுக்காரர் சொல்ற ஆளுக்கு
நான் போட்டதே இல்ல, நாலு எலெக்சனா!"

பெல்ட் இரண்டு சுற்று சும்மா சுற்றி நின்றது.
வாசலில் டி.வி.எஸ். மேல்
கோதுமை டின்னை முழங்காலுக்கிடையில் பிடித்தபடி
அவள் வீட்டுக்காரர்.

யாரும் தும்மக்கூட இல்லை.
அவர் டின்னை ஒருமுறை இறக்கி வைத்தார்.
மறுபடி எடுத்தார்.
"நாலுமா?" என்று மட்டும் கேட்டார்.
மும்தாஜ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"உள்ளாட்சியச் சேத்தா அஞ்சு" என்றாள்.

தனபாக்கியம்தான் முதலில் சிரித்தாள்.
இரண்டு வருஷமாய் அடக்கி வைத்த சிரிப்பு மாதிரி இருந்தது.
கரண்ட் வந்தது. எல்லாரும்
விட்ட இடத்திலிருந்து கத்தினார்கள்,
முன்னைவிடக் கொஞ்சம் தள்ளி நின்று.

"நீ யாருக்கு?" என்று
டோக்கன் நீட்டும்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள்.
எடை போடுகிறவள் எதற்கு வாய் திறக்க, என்று சமாளிப்பேன்.
தராசு மாதிரி இருக்கா பாரு, என்று மெச்சுவார்கள்.

என் பேர் இன்னும் மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டு எண்ணில் இருக்கிறது,
நான் பாதி ராத்திரியில் விட்டு வந்த வீடு.
அங்கே ஜெயிப்பவர் இருபதாயிரத்துக்குக் குறையாமல் ஜெயிப்பார்.
என் ஒன்று அங்கே
கல்லிடுக்கில் தங்கிவிடுகிற மாவு.

அதையும் யாராவது தட்டி எடுக்கத்தான் வேண்டும்.
மிளகாய் ஓட்டியபின் ஒரு பிடி தவிட்டை விட்டுத் துடைப்பேன்,
அப்படியும் மறுநாள் முதலில் வருகிறவளின் இட்லி மாவில்
கொஞ்சம் காரம் இருக்கும்.

நாளை மறுநாள் மில் லீவு.
முதல் பஸ் ஐந்தே காலுக்கு.
அந்த வாசலைத் தாண்டித்தான் பூத்துக்குப் போக வேண்டும்.