இன்னும் வாங்காத வீட்டில் ஓர் ஓட்டை

இல்போ நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
நான் நூற்று ஐம்பத்துநான்கு.
எங்கள் இருவருக்குமாக எவனும்
சமையல்மேடை கட்டி வைப்பதில்லை.
இந்த வாடகை வீட்டில் அவன்
முதுகைக் கூனி வெங்காயம் நறுக்குகிறான்,
நான் உப்பெடுக்க முக்காலி ஏறுகிறேன்.
கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தாயிற்று,
வீடுதான் பாக்கி.

வாங்குமுன்பே இடிக்கத் தொடங்கிவிட்டோம்,
கட்டம் போட்ட நோட்டில்.

முதல் பக்கத்தில் மேடை இரண்டு உயரத்தில்.
அவன் பக்கம் உருளும் எலுமிச்சை
என் பக்கம் வந்து விழும்.
நாலாம் பக்கத்தில்
அடுப்படியில் குளியல்தொட்டி.
அவன் ஊறிக்கொண்டே பேசுவான்,
நான் சால்மன் சூப்பைக் கிளறிக்கொண்டே
கேட்காமலிருப்பேன்.
ஒன்பதாம் பக்கம்தான் அவனுடைய பெருமை:
படுக்கையறைச் சுவரில் ஓர் ஓட்டை,
அந்தப் பக்கம் விறகுக்கொட்டில்.
மைனஸ் இருபத்தெட்டில்
யாரும் பூட்ஸ் மாட்ட வேண்டியதில்லை.
போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினால்
பிர்ச் கட்டை.

எலியும் அதே வழியாக வருமே என்றேன்.
எலிக்கென்று தனியாக ஒரு கதவு வரைந்தான்,
எலி அளவில்,
வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

வங்கியில் திருமதி ராசனென்
வீடு எங்கே என்று கேட்டார்.
இன்னும் இல்லை.
பிறகு என்னதான் இருக்கிறது?
நோட்டைக் கொடுத்தோம்.
ஒன்பதாம் பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.
வெப்பமெல்லாம் கசிந்துவிடும் என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு,
எங்கள் கொட்டில் பன்னிரண்டு மீட்டர் தள்ளி,
என்றார், திரையைப் பார்த்தபடி.
கடன் தொகையை மட்டும்
குறைத்துத்தான் போட்டார்.

ஞாயிறுதோறும் வீடு பார்க்கப் போனோம்.
மற்றவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்,
கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கேட்பார்கள்.
இல்போ அடுப்படித் தரையில் உட்கார்ந்து
முழங்காலை மடக்கிக் கண்ணை மூடுவான்.
தண்ணீர் சூடாக இருக்கிறதா என்பேன்.
தரகர் செருமுவார்.

பிப்ரவரியில் கடல் உறைந்து கிடந்தது.
கரையிலிருந்து நானூறு அடி நடந்து
புதுப்பனியை மிதித்து மிதித்து
முழு அளவில் வீட்டை வரைந்தோம்.
அவனுக்கு ஓரடி, எனக்கு ஒன்றரை,
அதனால் வடக்குச் சுவர் கோணல்.
நோட்டில் தெரியாதது அங்கே தெரிந்தது.
தொட்டியைவிட்டு எழுந்து துண்டெடுக்க
அவன் வரவேண்டிய வழி
என் கொதிக்கும் சட்டிக்கு நேர் முன்னால்.
சொட்டச் சொட்ட.
இல்லாத வீட்டுக்குள் நின்று
இருபது நிமிடம் சண்டை போட்டோம்.
தொட்டியை மூன்று முறை நகர்த்தினோம்,
பனியில் அதற்குக் கனமில்லை.

நாய் நப்பி சுவர் எதையும் மதிக்கவில்லை.
ஆரஞ்சுக் குல்லாய் போட்ட யாரோ ஒருவர்
சறுக்குக்கட்டையில் வந்தவர்
சுவரருகே நின்றார், பார்த்தார்,
சுற்றிக்கொண்டு வந்து
வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக
உள்ளே நுழைந்தார்.
கூடத்தைக் கடந்தார். தலையசைத்தார்.
எதிர்ப்பக்கம் வழியில்லை என்று கண்டு
வந்த வழியே திரும்பிப் போனார்.
பின்வாசல் தேவை
என்று எழுதிக்கொண்டேன், விரல் விறைக்க.

மே மாதத்துக்குள் அந்த வீடு
சுவீடன் பக்கம் மிதந்து போயிருக்கும்.

நேற்றுப் பார்த்தது மஞ்சள் மரவீடு.
விலை எட்டாது, அல்லது எட்டும்,
கார் வேண்டாமென்றால்.
கொட்டில் படுக்கையறையோடு ஒட்டியே நிற்கிறது.
தரகர் மாடிக்குப் போன நேரத்தில்
இல்போ சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான்,
பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து
வால்பேப்பரின் நீலப் பூ ஒன்றுக்குள்
புள்ளி வைத்தான்.
நாம் வாங்காவிட்டால்? என்றேன்.
வாங்குகிறவனுக்கும்
குளிரும்தானே, என்றான்.