பதினொன்று பத்து

பல்லவன் கிளம்பும் ஊதல் கேட்கையில்
உன் போர்வைக்குள் இன்னும் போன் வெளிச்சம்.
ஐந்தாவது நாள், சேவுகா.
எண்ணுகிறேன் என்று உனக்குத் தெரியாது.
எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை
ஒரே அறையில்.

மெஸ்ஸில் உன் டோக்கனையும் நான்தான் கிழிக்கிறேன்.
மெஷின்ஸ் லேபில் உன் பெயருக்குப் 'பிரசென்ட்' சொன்னதும் நான்தான்.
வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும்
எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமி
"நல்லா இருக்கேம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்கிறாய்.
அந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறாய்?
பேசி முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்புகிறாயே,
அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்பா போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில்.
வீட்டுக்கு நீதான் முதல் டிகிரி.
அவங்க அவ்வளவு கஷ்டப்படுறாங்க, எனக்கென்ன நோவு?
நீ இதைச் சொன்னதில்லை.
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
போன வருஷம், ஒரு செமஸ்டர் முழுக்க.

மஞ்சக்காமாலைக்கு எங்கள் வீட்டில் வார்த்தை உண்டு.
குடலிறக்கத்துக்கு உண்டு.
இதற்கு இருந்தது இரண்டே: திமிர், காத்துக்கருப்பு.
திமிருக்கு அப்பா அடித்தார்.
கருப்புக்கு அம்மா கயிறு கட்டினாள்.
கயிறு இதோ, இன்னும் கையில். அவளுக்காக.

தேர்வுப் பிரிவுக்கு அடுத்த அறை அது.
பெயர்ப்பலகையைப் பார்த்தாலே வேர்க்கும்.
மூன்று முறை போய், மூன்று முறையும்
ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டேன்.
எதற்கென்றே தெரியாமல் எடுத்த ஆதார் நகல்
ஆறு இன்னும் பெட்டியில் கிடக்கிறது.
அடுத்த முறை மழை. ஒதுங்க வேறு இடமில்லை.

மேடம் பெயர் ஷாஜிதா.
"ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"
யாரும் என்னிடம் அந்த மணியைக் கேட்டதில்லை.
மூணு இருபது என்றேன்.
அப்புறம் முக்கால் மணி நேரம் மூக்கைச் சிந்தினேன்.
வீட்டுக்குப் போன் போகவில்லை.
ஹெச்.ஓ.டி.க்கு இன்றுவரை தெரியாது.
ஒரே நாளில் சரியாகிவிடவும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்;
மூணு இருபது ஐந்து மணியாக ஆறு வாரம் ஆனது.
மதுரைக்கு ஒரு டாக்டரிடமும் அனுப்பினார்.
என் மாத்திரையை நீ விட்டமின் என்று நினைத்தாய்.
நினைக்கட்டும் என்று விட்டேன்.
அன்றே சொல்லியிருக்கலாம்.

பள்ளத்தூரில் உன் அம்மா பெருக்கும் பூட்டிய வீட்டை
நீதான் காட்டினாய் ஒருமுறை.
மாசம் ஒருநாள் எல்லாக் கதவையும் திறந்துவிடணும்டா,
இல்லாட்டி கரையான் ஏறிடும் என்று.
உவமை சொல்ல வரவில்லை.
ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

நாளை செவ்வாய்.
பதினொன்று பத்துக்கு மேடத்திடம் யாரும் இல்லை.
கேட்டுவிட்டேன். உன் பெயர் சொல்லவில்லை.
குளிக்க வேண்டாம், அந்த நீலச் சட்டையே போதும்.
என்ன பேசுவதென்று யோசிக்காதே,
மணியை மட்டும் சொல்.
நான் ஜெராக்ஸ் கடையில் நிற்பேன்.
நீ பாதியில் திரும்பி வந்துவிட்டால்
உன் ஆதாருக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு
புதன்கிழமை பார்ப்போம்.