மறுபடியும் பத்து

குளிசை பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கிய அன்று
பீலிக்கரைக்கு நானே போனேன்.
நாற்பத்து மூன்று படி.
அரை வாளித் தண்ணீர்தான்,
லயமே கதவுகளில் நின்று பார்த்தது.
செவனம்மா அக்கா கைகூடத் தட்டினாள்.

அது சித்திரையில்.

வைகாசி மழை தொடங்கி மூன்றாம் நாள்
விடியும்போது விரல்கள் மடங்கவில்லை.
யாரும் எழும்ப முன்
தேத்தண்ணிக் கோப்பையை
இரண்டு மணிக்கட்டாலும் ஏந்திக் குடித்தேன்.
மகள் சட்டையோடு வந்து நின்றாள்.
"ஆண்டு ரெண்டுக்கு வந்தாச்சு, நீயே போடு."
என் கையைப் பார்த்தாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.

டிக்கோயாவில் டொக்டர்
கிளினிக் கொப்பியில் ஐந்தை வெட்டிப் பத்து எழுதினார்.
ஐந்துக்கு வர எனக்கு ஏழு மாதம்.
அவருக்கு ஒரு கோடு.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து மனிதர்,
கவ்வாத்து வெட்டினால்தானே தேயிலை
தளதளவென்று வரும் என்றார்.
கவ்வாத்து மலைக்கு
யாரும் அரைப்பேர் போடுவதில்லை ஐயா என்றேன்.
வாய்க்குள்தான்.

இன்று மழை விட்டிருக்கிறது.
இறங்கிப் பார்த்தேன்.
பதினோராம் படியில் முழங்கால் போதும் என்றது.
உட்கார்ந்தேன்; சேலையில் ஈரம் ஏறியது.
கீழே பீலியில் யாருடைய வாளியோ
நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

பள்ளி விட்டு வந்தவள் பக்கத்தில் அமர்ந்தாள்.
சட்டையில் ஒரு பொத்தான் மாறி
எல்லாமே மாறியிருந்தது.
நாள் முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள்.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
நாலு பொத்தான்.
மூன்றாவது இரண்டு தரம் நழுவியது.
அவள் அசையவில்லை.
இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது.