நாற்பத்தொன்று பாக்கி

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இரவு ஜாகா வேலை.
இரண்டு மணிக்கு மேல் காடிகள் வராது.
வந்தவற்றின் எண்களை
பதிவேட்டின் பின்பக்கத்தில் உடைத்துக்கொண்டிருப்பேன்.

பெரும்பாலும் முதல் தட்டிலேயே விழும்.
இரட்டைப்படை என்றால் பேச்சே இல்லை.
இலக்கங்களைக் கூட்டினால் மூன்று காட்டிக்கொடுக்கும்.

மிஸ்டர் கூவின் வெள்ளை மைவி, 1763,
மசியவில்லை.
ஏழுக்கு ஆறு மீதி. பதினொன்றுக்கு மூன்று.
பத்தொன்பதுக்குப் பதினைந்து,
இருபத்துமூன்றுக்கும் அதே பதினைந்து,
கேலி செய்வதுபோல்.
முப்பத்தேழு வரை போனேன், கோப்பி ஆறிவிட்டது,
'பகா எண்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மூன்று வாரம்
அந்தக் காடிக்கு மட்டும் எழுந்து நின்று
தடுப்பைத் தூக்கினேன்.

நேற்று மழை.
சும்மா இருந்த கை
நாற்பத்திரண்டை நாற்பத்திரண்டால் பெருக்கியது.
1764. ஒன்றே ஒன்றுதான் கூடுதல்.
அப்படியென்றால் நாற்பத்தொன்று பாக்கி.
போட்டேன்.
மீதி இல்லை.
நாற்பத்தொன்றும் நாற்பத்துமூன்றும்
அத்தனை நாளும் உள்ளே
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன.

விடியற்காலை மைவி வந்தது.
எண்தட்டையே பார்த்துவிட்டேன் போல,
கண்ணாடியை இறக்கி என்ன என்றார்.
டயரில் காற்று குறைவு என்றேன்.

எழுந்துதான் நின்றிருந்தேன். பழக்கம்.