ஒரு விரற்கடை

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து
இரு முனையிலும் ஜிப்சம் அப்பி
தேதி எழுதிவிட்டு வந்தேன், தை பிறந்த வாரம்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறியும்.
இதைவிட நேர்மையான கருவி என் பையில் இல்லை.

ஏழு கண்ணாடி. இடையன்சுனை மாதா கோயில்.
உசிலம்பட்டிச் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி
நாகமலை முதுகைக் காட்டும் பக்கம் நடந்தால்
முதலில் தெரிவது இரண்டு கோபுரம், ஒன்று குட்டை.
பணம் தீர்ந்த இடம் என்கிறார்கள் சிலர்.
இடி விழுந்தது என்கிறார்கள் மீதிப்பேர்.

பங்குப் பேரவைக்கு வேண்டியது ஒரு தாள்.
கட்டடம் உறுதியற்றது, கீழே என் கையெழுத்து.
வரப்போகும் கான்கிரீட் கோயிலின் படம்
சாமியார் அறையில் இப்போதே ஃப்ரேமுக்குள் தொங்குகிறது.
ஏசி உண்டு. தூண் கிடையாது.

பழையதைக் கட்டிய பெர்த்தலோ சாமி பிறந்த ஊரில்
பனி சறுக்கி விழவென்று கூரையைச் செங்குத்தாய் வைத்தார்கள்.
வெளிச்சம் அங்கே ரேஷன்.
சன்னலை ஐந்து ஆள் உயரத்துக்கு நீட்டி
வந்த கொஞ்சத்தையும் சிவப்பாய் நீலமாய்ச் செலவழித்தார்கள்.
சுவரெல்லாம் சன்னலானால் கூரையின் பாரம் எங்கே போகும்?
வெளியே நின்று தாங்கக் கல்லில் கைகள் கட்டினார்கள்,
நின்றுபோன டவுன்பஸ்ஸைச்
சாய்ந்து தள்ளும் ஆட்களைப் போல.
எழுநூறு வருஷமாய்த் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த ஞாபகத்தைக் காகிதத்தில் வரைந்து
மொக்கையன் கொத்தனிடம் கொடுத்திருக்கிறார்.
பங்கு நாளேட்டில் அவர் கையெழுத்து:
'கொத்தன் படத்தைத் தலைகீழாய்ப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.
திருப்பிக் கொடுத்தேன். மறுபடி தலைகீழாய்ப் பிடித்தான்.'

என்ன பார்த்திருப்பான்?
இரண்டு ஆணிக்கு நடுவே தொங்கும் மாலை என்று நினைக்கிறேன்.
நடுவில் குஞ்சம் கனத்தால் மாலை கூராய் இறங்கும்.
தொங்குவது எந்த வளைவில் இளைப்பாறுகிறதோ
அதைக் கவிழ்த்தால் கல் நிற்கும்.
எனக்கு இது மூன்றாம் செமஸ்டர்.
அவனுக்கு யார் சொன்னது, ஏட்டில் இல்லை.

ஏட்டில் இருப்பது
முட்டை எத்தனை, கடுக்காய் எத்தனை, கருப்பட்டி எத்தனை.
சுண்ணாம்பு அரைத்த பெண்கள் முப்பத்தொன்று.
பெயர் ஒருத்திக்கும் இல்லை. பெருமாயிக்கு மட்டும் உண்டு:
பூசை நேரத்தில் பாட்டை நிறுத்தவில்லை, அபராதம் காலணா.

மாசிக் கடைசியில் ஏணி போட்டு ஏறினேன்.
கோயில்பிள்ளை வியாகுலராசு கீழே பிடித்துக்கொண்டார்.
தெற்கே ஆறு கைகள்.
முதல் கைக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளி.
இரண்டாவதிலும்.
ஆறிலும்.
ஓரம் பூசி மெழுகியிருக்கிறது. தானாய் விரிந்ததல்ல, விட்டது.
உள்ளே அணில் திணித்த தேங்காய் நார்,
யாரோ ஒளித்து மறந்த பீடிக்கட்டு.

அந்தக் கைகள் இன்றுவரை எதையும் தொட்டதில்லை.
மூன்றரை அடிச் சுவரை எழுப்பி, சன்னலைச் சிறுக்கி,
பாரத்தை நேரே மண்ணுக்கு அனுப்பிவிட்டு
சாமி ஆசைப்பட்டாரே என்று
பக்கத்தில் ஆறு பேரை நிற்கவைத்திருக்கிறான்.
பஸ் தானாகவே ஓடுகிறது.
இவர்கள் கையை நீட்டிக்கொண்டு கூடவே வருகிறார்கள்.

சாமிக்குத் தெரியுமா?
அவர் கல்லறை உள்ளே, தெற்குச் சுவரை ஒட்டி.
தெரிந்துதான் அங்கே படுத்தாரோ என்னவோ.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
ஊரில் பாதி மதுரையில் கிடக்க, கண்ணாடிகளை எண்ணினேன்.
ஆறு முழுசு. ஆறாவது கைக்குப் பின்னால் இருந்த ஏழாவது
சுக்குநூறு.
வயிறு கலங்கியது.
அப்புறம்தான் பார்த்தேன், காலடியில் ரப்பர் பந்து.
வியாகுலராசு குனிந்து எடுத்து
என் முகத்தைப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

படிவத்தில் இரண்டே கட்டம்.
முறிந்தது. முறியவில்லை.
புதுத் துண்டு வெட்டி ஒட்டினேன், அன்றைய தேதியிட்டேன்.
இன்னும் மூன்று மாதம் பொறுக்கவேண்டும் என்று
பேரவைக்கு எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பையன்கள் வந்தார்கள்.
ஸ்டம்பு நடுவது அதே ஆறாவது கையின் கீழ்.
வேறு இடம் பாருங்கடா என்று சொல்ல வாயெடுத்து
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.