பிறந்த இடம்

ஏழாம் கட்டத்தில் இப்படிக் கேட்போம்:
குட்டி பிறந்த இடம்.
மாவட்டம் போதும், ஊர் வேண்டாம்.
ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள் பெரும்பாலும்.

ஆர்டித் கோலேசர் என்பவர்
கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டு
மூன்று பக்கம் தனியாக எழுதி
காபிக் கறையோடு இணைத்திருந்தார்.

பிப்ரவரி பத்தொன்பது. பனி.
நியூயார்க் பக்கத்து லாயத்தில் இருந்தது சினைக்குதிரை,
பேர் டின் லாந்தர்.
இன்னும் மூன்று வாரம் இருக்கிறதென்று
மருத்துவர் சொல்லியிருந்தார்.
"மருத்துவர் சொன்னது டின் லாந்தருக்குத் தெரியாது"
என்று எழுதுகிறார் ஆர்டித்.

காம்பில் மெழுகு கட்டியதைப் பார்த்ததும்
இரவு ஒன்றரைக்கு வண்டியில் ஏற்றியிருக்கிறார்.
எல்லைக்கு இந்தப் பக்கம் விழுந்தால்
பென்சில்வேனியாக் குதிரை.
ஓடி ஜெயிக்கிற ஒவ்வொரு பரிசுக்கும் மேலே
வளர்த்தவருக்கென்று ஒரு பங்கு அரசாங்கம் தரும்.
அந்தப் பக்கம் விழுந்தால்
அங்கே வேறு திட்டம், வேறு கெடு;
அதைத்தான் அவர் ஏற்கெனவே தவறவிட்டிருந்தாரே.

வரவேற்புப் பலகைக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு காலடி முன்னால்
பனிக்குடம் உடைந்தது.
"விடிந்த பிறகு திரும்பிப் போய் நடந்து அளந்தேன், மிஸ் ஸ்விகார்ட்.
பொய் சொல்ல அவ்வளவு சின்னத் தூரம்தான்.
வரவில்லை."

சட்டத்தைப் புரட்டினேன்.
'மாநிலத்துக்குள் பிறந்த' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.
பிறப்பது என்றால் என்ன என்று எங்கும் இல்லை.
மூக்கு தெரிந்தாலா? கொடி அறுந்தாலா?
கேட்கலாமென்றால்
மேலதிகாரி பல் பிடுங்கப் போயிருந்தார்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும்.
நெடுஞ்சாலை ஓரத்துச் சூதாட்ட விடுதியில்
ஜன்னலே இல்லாத கூடத்தில்
செவ்வாய், வியாழன், சில ஞாயிறும்
என் அண்ணன் கிளெட்டஸ்
செர்ரிப் பழம் சுழலும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.
அவன் தோற்பதில் ஒரு துளி
குதிரைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.
அளக்காமல் அவன் போடுகிறான்.
நான் அளந்து அனுப்புகிறேன்,
சென்ட் பிசகாமல்.
அவன் விற்ற படகு
யாருடைய லாயத்திலோ வைக்கோலாகக் கிடக்கிறது.
போன கிறிஸ்துமஸுக்கு இதை அவனிடமே சொன்னேன்.
"அப்படியானால் எனக்கும் ஒரு குதிரை இருக்கிறது" என்றான்
சந்தோஷமாக.

ஆர்டித்துக்கு ஒரே வரியில் பதில் போட்டேன்:
குட்டி முதலில் எழுந்து நின்றது எங்கே?

படிவத்தில் அப்படியொரு கேள்வி கிடையாது.

பத்து நாளில் அஞ்சலட்டை.
"துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.
பின்னால் எழுவதும் விழுவதுமாகச் சத்தம்.
ஒருமுறை நிறுத்தலாமா என்று நினைத்தேன், நிறுத்தவில்லை,
அதற்காக அவள் என்னை மன்னிக்கட்டும்.
பெட்ரோல் நிலையத்தில் கதவைத் திறந்தால்
நான்கு காலும் நான்கு திசையில்
நின்றுகொண்டிருந்தாள்.
மூன்று ஐம்பது. ரசீது இருக்கிறது;
காபியும் இரண்டு துவாலையும் வாங்கினேன்.
பிராட்ஃபோர்டு மாவட்டம்."

பிராட்ஃபோர்டு என்று
ஏழாம் கட்டத்தில் தட்டச்சு செய்தேன்.
முத்திரை சரியாக விழவில்லை, இன்னொரு தரம் குத்தினேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் போய்
சாப்பிடாமல் வந்தேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு புதன்கிழமை,
ஆறாவது பந்தயம். சேறு.
அவளுக்கு வைத்திருந்த பேர் டூ ட்வெல்வ்.
கடைசி வளைவு வரை முன்னால் இருந்து
மூன்றாவதாக வந்தாள்.

கிளெட்டஸ் அன்று இயந்திரத்தை விட்டு
ஓடுதளத்துக்கு வந்திருந்தானாம்.
பேர் பிடித்துப் போய்
முதலில் வருவாள் என்று இருபது டாலர் கட்டினானாம்.
"கால் நல்ல கால்தான், தங்கச்சி" என்றான் தொலைபேசியில்.
"எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிற மாதிரி ஓடினாள்."

அவள் யாரென்று நான் சொல்லவில்லை.
ஆர்டித்தின் காசோலையை உறையில் போடும்போது
அவனுடைய இருபதில் எவ்வளவு இதற்குள் இருக்கும் என்று
மனக்கணக்குப் போட்டேன்.
விடை வந்தது.
எங்கும் எழுதிவைக்கவில்லை.